களிம்பைத் தேய்க்காதீர்கள்

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், வயல்காரர்களிடம் அனுமதி வாங்கி, உலோகம் தேடும் கருவியோடு எட்டு வருஷமாக நடக்கிறேன். எனக்குக் காசைவிடப் பொத்தான்தான் அதிகம் கிடைத்திருக்கிறது. மின்சாரம் கடத்தும் திறன், பொருளின் அளவு இரண்டையும் வைத்தே கருவி எண் காட்டுகிறது. அகலமான செம்புப் பொத்தானும் வெள்ளிக் காசும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். மீதியைக் கண்ணும் கையும்தான் சொல்ல வேண்டும்.

முதல் வருஷம், பச்சைக் களிம்பேறிய ஒரு பொத்தானைச் சோப்புப் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தேன். பின்பக்க எழுத்துகளின் பள்ளத்தில் மட்டும் பொன் மின்னியது. மற்ற இடத்து முலாமெல்லாம் களிம்போடு உரிந்து போய்விட்டது. இன்னும் மனசு ஆறவில்லை.

அந்த முலாம் எவ்வளவு மெல்லியது என்று பிறகுதான் படித்தேன். பிரிட்டனின் 1796ஆம் வருஷத்துச் சட்டப்படி, 'கில்ட்' (பொன்முலாம்) என்று முத்திரையிட வேண்டுமானால் ஓர் அங்குலப் பொத்தான்கள் 144க்கும் சேர்த்து 5 கிரெயின் பொன் இருந்தால் போதும். அதாவது ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பொன்னைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, சூட்டில் பாதரசத்தைப் போக்குவார்கள். அந்த ஆவியைச் சுவாசித்தே கை நடுக்கம் கண்ட தொழிலாளிகள் உண்டு. அப்படிப் பூசியதை அல்லவா நான் பிரஷ்ஷால் துடைத்தேன்!

பச்சை என்றால் செம்பு அல்லது பித்தளை. கறுத்து, விளிம்பு பொடிந்து வந்தால் பியூட்டர் என்ற கலப்பு உலோகம். நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பின் வெள்ளீயம்தான் இதிலும் பெரும்பகுதி. 1855 வரை பிரிட்டிஷ் சாதாரணச் சிப்பாயின் சட்டையில் இருந்தது இதுதான். 1767 முதல் அதில் படைப்பிரிவின் எண்ணும் உண்டு. பார்க்க ஒன்றுமில்லாத இதைத்தான் நான் மண்ணோடு சேர்த்து மெதுவாகத் தூக்குவேன். விளிம்போடு எண்ணும் உதிர்ந்தால் அவன் எந்தப் பிரிவுக்காரன் என்பதே போய்விடும்.

சாம்பல் வெண்மையாக, களிம்பே இல்லாமல் வந்தால் வெள்ளி என்று துள்ளத் தோன்றும். பெரும்பாலும் அது 18ஆம் நூற்றாண்டின் டொம்பாக்: செம்பு, துத்தநாகம், வெளுப்புக்குக் கொஞ்சம் ஆர்செனிக். உண்மையான வெள்ளி மண்ணில் கறுக்கவும் செய்யலாம். 300 வருஷத்துக்கு மேல் பழையதாக, குறைந்தது 10 சதவீதம் பொன்னோ வெள்ளியோ கலந்ததாக இருந்தால், 1996ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் எடை போடுவேன். போன சனிக்கிழமை கிடைத்த பொத்தானைத் தண்ணீரில் வெறுமனே அலசி, நகைத் தராசில் வைத்தேன்: 6.3 கிராம். பிறகு தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, பொத்தானை நூலில் கட்டி அடியைத் தொடாமல் அமிழ்த்தினேன். தராசு 0.75 காட்டியது. 6.3ஐ இதால் வகுத்தால் அடர்த்தி 8.4. வெள்ளி 10.5க்குக் கிட்டே வரும், வெள்ளீயம் 7.3. ஆக, பித்தளை.

களிம்பை அப்படியே விட்டு, விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன். பின்பக்க வளையத்தின் அடியில், நகக்கீறல் அளவுக்குப் பொன் இருந்தது.