நீர்ச்சுழி விண்மீன் பேரடை

நீர்ச்சுழி விண்மீன் பேரடை (மெசியர் 51) என்பது வேட்டை நாய்கள் விண்மீன் குழாமில் அமைந்துள்ள ஒரு சுருள் விண்மீன் பேரடை ஆகும். இதன் தொலைவு வெவ்வேறு முறைகளில் 2.3 கோடி முதல் 3.1 கோடி ஒளியாண்டுகள் வரை கணக்கிடப்பட்டுள்ளது. சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனியிலுள்ள மரீசி விண்மீனுக்கு அருகில் இது உள்ளது. தோற்றப் பொலிவெண் ஏறத்தாழ 8.4 என்பதால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. இருண்ட வானில் இருகண் நோக்கி வழியே மங்கலான ஒளித்திட்டாகத் தெரியும்.

கண்டுபிடிப்பு

பிரெஞ்சு வானியலாளர் சார்லசு மெசியர் இதை 1773-இல் கண்டார். 1845-இல் அயர்லாந்தின் பர் கோட்டையில் ரோசு பிரபு தம் 72 அங்குலத் தொலைநோக்கியால் இதன் சுருள் வடிவத்தைக் கண்டு, கையால் வரைந்து வெளியிட்டார். சுருள் வடிவம் காணப்பட்ட முதல் 'வான்முகில்' இதுவே. இத்தகைய சுருள்கள் பால்வழிக்குள் சுழலும் வாயுத் திரள்களா, பால்வழியைப் போன்ற தனிப் பேரடைகளா என்ற கேள்வி பல்லாண்டுகள் நீடித்தது. 1920-களில் எட்வின் ஹபிள் ஆந்திரமேடாவின் தொலைவை அளந்த பின்னரே, அவை தனிப் பேரடைகள் என்பது உறுதியாயிற்று.

சுருள் கைகள்

பேரடையின் உட்பகுதி விண்மீன்கள் வெளிப்பகுதி விண்மீன்களைவிட விரைவில் ஒரு சுற்றை முடிக்கின்றன. கைகள் எப்போதும் அதே விண்மீன்களால் ஆனவை என்றால், சில சுற்றுகளிலேயே அவை இறுகச் சுருண்டு மறைந்திருக்க வேண்டும். இதற்கு லின், சூ ஆகியோர் 1964-இல் 'அடர்த்தி அலை' விளக்கத்தை முன்வைத்தனர். சாலையில் மெல்லச் செல்லும் மாட்டுவண்டியின் பின்னால் வாகனங்கள் நெருங்குவதை எண்ணிப் பாருங்கள். வாகனங்கள் மாறிக்கொண்டே இருக்கும். நெரிசல் மட்டும் நிலைக்கும். கையும் அத்தகைய நெரிசலே. அங்கு வாயு அமுக்கப்பட்டுப் புதிய விண்மீன்கள் பிறக்கின்றன. படங்களில் நீலமாகத் தெரிபவை இளம் விண்மீன்கள்; இளஞ்சிவப்புத் திட்டுகள் ஒளிரும் ஐதரசன் வாயு; கைகளின் உள்விளிம்பிலுள்ள கரிய கோடுகள் தூசு.

துணைப் பேரடை

ஒரு கையின் நுனியில் என்.ஜி.சி. 5195 என்னும் சிறிய பேரடை காணப்படுகிறது. இதனைப் பியர் மெசெயின் 1781-இல் கண்டார். பெரிய பேரடையின் தூசுப்பட்டை இதன் ஒளியை மறைப்பதால், இது பின்னால் உள்ளது எனத் தெரிகிறது. இதன் ஈர்ப்பே கைகள் இவ்வளவு தெளிவாக அமையக் காரணம் எனக் கருதப்படுகிறது. இரு பேரடைகள் நெருங்கிச் செல்லும்போது இத்தகைய வடிவம் உருவாகலாம் என்பதை 1972-இல் தூம்ரே சகோதரர்கள் கணினிக் கணக்கீட்டால் காட்டினர்.

மீயொளிர் விண்மீன் வெடிப்புகள்

பெரிய பேரடையில் 1994, 2005, 2011 ஆகிய ஆண்டுகளில் மீயொளிர் விண்மீன் வெடிப்புகள் காணப்பட்டன. மூன்றும் நிறைமிகு விண்மீன்களின் முடிவுகள். அத்தகைய விண்மீன்களின் ஆயுள் மிகக் குறைவு. ஆகவே இந்த வெடிப்புகள், அங்கு அண்மைக் காலத்திலும் விண்மீன்கள் பிறந்துள்ளன என்பதற்குச் சான்றாகின்றன.