தென்னாட்டுக் காற்றும் டென்மார்க்கின் துணையும்

கரி குறைந்த பொருளாதாரம் என்னும் சொற்றொடர் இந்நாளில் அடிக்கடி நம் செவியில் விழுகின்றது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து வாழும் முறையினின்று சிறிது சிறிதாக விலகி, கரியமில வாயுவை மிகுதியாக வெளியிடாத ஆற்றல்களைக் கொண்டு தொழிலும் இல்லறமும் நடத்துவதே அதன் பொருள். வானத்துக்கு எல்லைக்கல் இல்லை. ஒரு நாட்டின் புகை எல்லா நாடுகளையும் தாக்குகின்றது. ஆதலின் நாடுகள் ஒன்றுக்கொன்று துணை நிற்றல் வேண்டும் என்கின்றோம். அத்துணை எத்தகையதாக இருத்தல் வேண்டும்? நம் தென்பாண்டி நாட்டுக் காற்றாலைகளின் வரலாறு இதற்கு விடை கூறும்.

சிகந்தராபாத்தை அடுத்த திருமுல்கேரியில் வாழும் நமக்கும் இவ்வரலாறு அயலானதன்று. ராமகுண்டத்தில் நிலக்கரியை எரித்துப் பெறும் மின்சாரமும், ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில் காற்றினால் பெறும் மின்சாரமும் ஒரே தென்மண்டல மின்தொகுப்பில் சேர்கின்றன. 2013 டிசம்பர் 31ஆம் நாள் ராய்ச்சூர்-சோலாப்பூர் மின்தடத்தின் வழியே அத்தொகுப்பு வடபுலத்துடன் இணைந்தது. எனவே மும்பையிலும் தில்லியிலும் வாழும் தமிழரும் இன்று அதே தொகுப்பினுள் அடங்கியவரே.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய இடங்களில் கணவாய்கள் உள்ளன. தென்மேற்குப் பருவக்காற்று அவற்றில் நெருக்குண்டு விரைகின்றது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதினின்று பெறத்தக்க ஆற்றல் எட்டு மடங்காகும். ஆகவே காற்றை அளந்தறியாமல் ஆலை நாட்டுவது, நீரோட்டம் பாராமல் கிணறு தோண்டுவதை ஒக்கும். வானிலைத் துறையினின்று ஓய்வு பெற்ற பின்னரும் நாடெங்கும் அவ்வளவைப் பணியை முன்நின்று நடத்தியவர் அன்னா மணி அம்மையார்.

டென்மார்க்கு ஒரு சிறிய நாடு. அங்கே அஸ்கோவ் என்னும் ஊரில் போல் லா கூர் என்ற ஆசிரியர் 1891இலேயே காற்றாலையைக் கொண்டு மின்சாரம் எடுத்தார். 1973இல் எண்ணெய் நெருக்கடி நேர்ந்தபோது, பிறநாட்டு எண்ணெயையே நம்பியிருந்த அந்நாடு மீண்டும் காற்றை நாடிற்று. 1986இல் தூத்துக்குடிப் பகுதியில் நாட்டப்பெற்ற முதற் காற்றாலைகள் அங்கிருந்து வந்த 55 கிலோவாட் யந்திரங்களே. பின்னர் டேனிய அரசின் உதவி அமைப்பாகிய டானிடாவின் துணையுடன் தமிழ்நாட்டிலும் குஜராத்திலும் மாதிரிப் பண்ணைகள் எழுந்தன.

ஆயினும் யந்திரம் வந்திறங்கியதனால் மட்டும் உதவி நிறைவுறாது. அதனைச் சோதிக்கவும் பழுது பார்க்கவும் அறிந்தவர் இல்லையேல், சில ஆண்டுகளில் அது துருவேறி நின்றுவிடும். இக்குறையை நீக்கும் பொருட்டு 1998இல் சென்னையில் ஒரு மையம் தோன்றியது. பள்ளிக்கரணையில் இயங்கும் அது இன்று தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் எனப் பெயர் பெறுகின்றது. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில், டென்மார்க்கின் பொருளுதவியும் நுட்ப உதவியும் கொண்டு அதன் சோதனை நிலையம் அமைந்தது. இன்று ஆசிய, ஆப்பிரிக்க நாட்டுப் பொறியாளர்கள் அந்நிறுவனத்துக்கு வந்து பயிற்சி பெறுகின்றனர். வாங்கிய கை கொடுக்கும் கையாயிற்று.

தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. எனினும் பணி முடிந்ததென்று நாம் இருந்துவிட இயலாது. காற்று மிகுந்த இடங்களைப் பழைய சிறு யந்திரங்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் புதுப்பிக்க மாநில அரசு 2024இல் ஒரு கொள்கையை வகுத்தது. பருவக்காற்று ஓய்ந்த மாதங்களில் நிலக்கரியின் துணை இன்னமும் தேவைப்படுகின்றது. இந்தியாவும் டென்மார்க்கும் 2020இல் பசுமைக் கூட்டுறவு உடன்பாடு செய்துகொண்டு, கடலில் காற்றாலை அமைக்கும் வழியையும் ஆராய்கின்றன. தமிழ்நாட்டுக் கடலும் அதற்குரிய இடங்களுள் ஒன்று. அக்கடலில் வலைவீசி வாழும் மீனவரின் சொல்லைத் தொடக்கத்திலேயே கேட்டு, அவர்தம் பிழைப்புக்கு ஊறு நேராமல் திட்டமிடுதல் இன்றியமையாதது.

யந்திரத்தை விற்பது வாணிகம்; அதனை ஆக்கவும் காக்கவும் கற்பிப்பதே ஒத்துழைப்பு. நாடுகள் செய்துகொள்ளும் உடன்பாடுகளை நாம் இவ்வளவுகோலைக் கொண்டே மதிப்பிடுதல் வேண்டும்.