உரிமமும் களவும்: யப்பானிய அனிமே விநியோகத்தின் அரசியற் பொருளாதாரம் பற்றிய சில குறிப்புகள்

யப்பானிய அசைவூட்டப் படங்கள் இன்று 'அனிமே' என்னும் பெயராலேயே உலகெங்கும் அறியப்படுகின்றன. எமது இளந்தலைமுறையினரின் இரசனையில் அவை பெற்றுள்ள இடம் சிறியதன்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், தெகிவளையை அடுத்த களுபோவிலவிலும் வாழும் தமிழ் மாணவர்கள், ரோக்கியோவில் ஒளிபரப்பாகும் ஒரு தொடரின் புதிய அங்கத்தைச் சில மணித்தியாலங்களுள் பார்த்துவிடுகின்றனர். அவர்களுட் பலர் அதனைச் சட்டம் அங்கீகரித்த வழியிற் பார்ப்பதில்லை என்பதும் யாவரும் அறிந்ததே. இதனைக் களவு என்று ஒரு சாரார் கண்டிக்கின்றனர். பண்பாட்டுரிமை என்று மற்றொரு சாரார் நியாயப்படுத்துகின்றனர். இவ்விரண்டும் ஒழுக்கவியல் தீர்ப்புகளேயன்றி விளக்கங்களல்ல. ஒரு கலைப்பண்டம் எவ்வாறு உற்பத்தி செய்யப்படுகின்றது, எவ்வழியால் நுகர்வோரை வந்தடைகின்றது, இடையிலுள்ள வாயில்களை யார் திறக்கின்றனர், யார் மூடுகின்றனர் என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே தீர்ப்புப் பற்றிப் பேசுதல் பொருந்தும். அவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. உற்பத்தி

1963 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி ஒசாமு தெசுக்காவின் 'அஸ்ட்ரோ போய்' யப்பானியத் தொலைக்காட்சியில் ஆரம்பமாயிற்று. அவருடைய முஷி நிறுவனம் அத்தொடரை உற்பத்திச் செலவிலும் குறைந்த விலைக்கே ஒளிபரப்பாளருக்கு விற்றது. விளையாட்டுப் பொருள்கள், இனிப்புப் பண்டங்கள் முதலியவற்றிற் பாத்திரங்களின் உருவத்தைப் பதிக்கும் உரிமையாலும் வெளிநாட்டு விற்பனையாலும் இழப்பை ஈடுசெய்யலாம் என்பதே கணக்கு. முஷி நிறுவனம் 1973 இல் முறிவடைந்தது. அது வகுத்த கணக்கோ நிலைத்துவிட்டது. படத்தை வரைபவரின் உழைப்புக்கு அடிமட்ட விலை, படத்திலிருந்து பிறக்கும் உரிமைகளுக்கு உயர்விலை என்னும் ஏற்பாட்டின் தோற்றுவாயை இங்குதான் காண்கின்றோம்.

1990களில் வேரூன்றிய 'தயாரிப்புக் குழு' முறை இவ்வேற்பாட்டை நிறுவனமயப்படுத்திற்று. நூல் வெளியீட்டகம், தொலைக்காட்சி நிலையம், விளம்பர நிறுவனம், இசைத்தட்டு நிறுவனம், விளையாட்டுப் பொருள் உற்பத்தியாளர் ஆகியோர் முதலிட்டுக் குழுவாகச் சேர்கின்றனர். இலாபமும் உரிமைகளும் முதலீட்டு வீதத்திற்கேற்ப அவர்களுக்கே செல்கின்றன. படத்தை ஆக்கும் கலையகம் பெரும்பாலும் குறித்த தொகைக்கு வேலை செய்துகொடுக்கும் ஒப்பந்தகாரர் நிலையிலேயே உள்ளது.

இதன் விளைவைப் புள்ளிவிபரங்கள் காட்டும். 2023 ஆம் ஆண்டில் அனிமே சந்தையின் மொத்தப் பெறுமதி ஏறத்தாழ 3.3 இலட்சம் கோடி யென் என்று யப்பானிய அசைவூட்டப் படச் சங்கம் மதிப்பிட்டது. அதில் 1.7 இலட்சம் கோடிக்கு மேற்பட்ட பங்கு, அதாவது பாதிக்குச் சற்று அதிகமானது, வெளிநாடுகளிலிருந்து வந்தது. அதே தொழிற்றுறையில் நுழைநிலை வரைஞர் சிலரின் வருடாந்த வருமானம் 15 இலட்சம் யென் அளவே என்பதை, வணிகமும் மனித உரிமைகளும் பற்றிய ஐக்கிய நாடுகளின் செயற்குழு 2024 இல் வெளியிட்ட அறிக்கை சுட்டிக்காட்டிற்று. எனவே 'களவுப் பிரதி கலைஞனின் வயிற்றில் அடிக்கின்றது' என்ற பிரசாரத்தைக் கேட்கும்போது, சட்டப்படி செலுத்தப்படும் பணத்தில் அக்கலைஞனின் வயிற்றுக்குச் சென்று சேர்வது எவ்வளவு என்ற வினாவும் உடனெழ வேண்டும்.

2. உரிமம்

இறக்குமதி அனுமதிப்பத்திரம் என்ற சொல் எமது நாட்டவருக்குப் புதியதன்று. 1970களில் அந்நியச் செலாவணி நெருக்கடியை முன்னிட்டும், உள்ளூர் ஆக்கங்களுக்கு இடமளிக்கும் பொருட்டும், தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் வரவு கட்டுப்படுத்தப்பட்டது. 1971 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் 1972 இல் தாபிக்கப்பட்ட அரச திரைப்படக் கூட்டுத்தாபனம், திரைப்பட இறக்குமதியையும் விநியோகத்தையும் தன்வசப்படுத்திற்று. அம்முடிவுகளின் நன்மை தீமைகள் பற்றி இற்றைவரை வாதங்கள் உள்ளன. ஆயின், முடிவெடுத்தவர் யார் என்பது தெரிந்திருந்தது; பாராளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் அவரிடம் கேள்வி கேட்க முடிந்தது.

இன்று ஒரு தொடர் எம்மை வந்தடைவதைத் தீர்மானிக்கும் உரிமம் வேறு வகையினது. தயாரிப்புக் குழு தனது படத்தின் இணையவழி ஒளிபரப்புரிமையை நிலப்பரப்புக்களாகக் கூறுபோட்டு விற்கின்றது. வட அமெரிக்கா ஒருவருக்கு, தென்கிழக்காசியா இன்னொருவருக்கு, இந்தியா வேறொருவருக்கு என அமையும் இவ்வொப்பந்தங்கள் வணிக இரகசியங்களாகும். இலங்கை சிலவேளை இந்தியாவுடன் சேர்க்கப்படும். சிலவேளை தென்கிழக்காசியாவுடன் சேர்க்கப்படும். சிலவேளை எதனோடும் சேர்க்கப்படாது விடப்படும். சிறு சந்தைக்கெனத் தனிப் பேரம் நடத்த எவரும் முன்வருவதில்லை. 'இப்படம் உங்கள் பிரதேசத்திற் கிடைக்காது' என்று திரையில் தோன்றும் அறிவித்தலுக்குப் பின்னால் எமக்கு எதிரான தீர்மானம் எதுவும் இருப்பதில்லை. எம்மைப் பற்றி எவரும் தீர்மானிக்கவில்லை என்பதே அதன் பொருள்.

இங்கு தமிழ் மொழிக்கே உரிய பிரச்சினையொன்று மேற்கிளம்புகின்றது. ஒப்பந்தத்தின் அலகு நிலப்பரப்பு, மொழியன்று. தமிழ் பேசுவோரோ தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், ஐரோப்பா, கனடா எனப் பல நிலப்பரப்புகளிற் சிதறியுள்ளனர். கிரஞ்சிரோல் நிறுவனம் அண்மைய ஆண்டுகளில் 'சோலோ லெவலிங்' முதலிய தொடர்களைத் தமிழ்க் குரற்பதிவுடன் வெளியிட்டது. 2025 செப்டெம்பர் 12 ஆந் திகதி 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிற்றி காசில்' இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தபோது ஹிந்தி, தெலுங்கு என்பவற்றோடு தமிழிலும் வந்தது. இவை வரவேற்கத்தக்கன. ஆனால் இம்முயற்சிகள் இந்தியச் சந்தையின் வாங்குந்திறனைக் கணக்கிட்டு எழுந்தவை. தமிழகத்தின் வாய்மொழியிற் பேசும் அப்பாத்திரங்கள் பாக்குநீரிணையைக் கடக்க அனுமதியுண்டா என்பதை மொழியுறவு தீர்மானிப்பதில்லை. ஒப்பந்தத்தின் வாசகம் தீர்மானிக்கின்றது.

விலையும் அவ்வாறே. கிரஞ்சிரோல் 2022 இல் இந்தியாவுக்கான மாதக் கட்டணத்தை 79 ரூபாவாகக் குறைத்தது. உற்பத்திச் செலவு திடீரெனக் குறைந்ததால் அன்று. அந்நாட்டவரின் செலுத்துந்திறனுக்கும் களவுப் பிரதியின் போட்டிக்கும் ஏற்ப விலையை வகுத்தமையாலேயே இது நிகழ்ந்தது. அதே 2022 இல், மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர் மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியதை இலங்கையர் மறந்திருக்கமாட்டார்கள். டொலரிற் கணிக்கப்படும் எந்தச் சந்தாவும் அந்த வசந்தத்தில் ஓர் ஆடம்பரப் பொருளாயிற்று. மறுபுறத்தில், தாய்வானின் மியூஸ் நிறுவனமும் ஹொங்கொங்கின் மீடியாலிங்க் நிறுவனமும் 2019 முதல் யூடியூப் வழியாகத் தென்கிழக்காசிய, தென்னாசியப் பார்வையாளருக்கு உரிமம் பெற்ற தொடர்களை விளம்பரங்களுடன் கட்டணமின்றிக் காட்டி வந்துள்ளன. வழி திறந்திருக்குமிடத்து மக்கள் அவ்வழியிற் செல்லத் தயங்குவதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

3. களவு எனப்படுவது

அனிமே மேற்குலகிற் பரவியமை உரிமம் பெற்ற வணிகரால் மட்டும் நிகழ்ந்ததன்று. 1980களின் இறுதியிலிருந்து இரசிகர் குழுக்கள் ஒளிநாடாக்களில் தாமே மொழிபெயர்த்து உபதலைப்பு இட்டுப் பரிமாறிக்கொண்டன. விற்பனைக்கோ வாடகைக்கோ அன்று என்று நாடாவில் எழுதுவதும், ஒரு படத்திற்கு உரிமம் வாங்கப்பட்டதும் விநியோகத்தை நிறுத்துவதும் அவர்களிடையே வழங்கிய நெறி. அவர்களின் ஊதியமற்ற உழைப்பே பின்னர் வணிகர் அறுவடை செய்த சந்தையைப் பண்படுத்திற்று.

இவ்வரலாற்றின் மிகத் தெளிவான உதாரணம் கிரஞ்சிரோல் நிறுவனமே. 2006 இற் கலிபோர்ணியாவில் பட்டதாரிகள் சிலராற் தொடங்கப்பட்ட அது, பயனாளர் அனுமதியின்றிப் பதிவேற்றிய படங்களைக் காட்டும் தளமாகவே இருந்தது. 2008 இல் முதலீட்டு நிறுவனமொன்று அதிற் பணமிட்டது. 2009 சனவரியில் ரீவி ரோக்கியோவுடன் 'நருட்டோ ஷிப்புடென்' தொடருக்கு ஒப்பந்தஞ் செய்துகொண்டு அனுமதியற்ற படங்களை அகற்றிற்று. 2021 ஓகஸ்டில் சோனி குழுமத்தின் ஃபனிமேஷன் அதனை 1,175 மில்லியன் டொலருக்கு வாங்கி முடித்தது. இரசிகர் பதிவேற்றிய காலத்திற் களவு. மூலதனம் திரண்டபின் சொத்து. மூலதனத்தின் ஆரம்பத் திரட்சி பற்றி மார்க்ஸ் விளக்கியவற்றைக் கற்றோர்க்கு இம்மாற்றம் வியப்பளிக்காது.

போட்டியாளர் இருவரும் ஒன்றானதும் நடந்தவை கவனத்திற்குரியன. 2022 இன் வசந்தகாலத் தொடர்கள் முதல், புதியவற்றை விளம்பரத்துடன் இலவசமாகப் பார்க்கும் வாய்ப்பு பெரும்பாலும் மூடப்பட்டது. 2024 ஏப்ரில் 2 ஆந் திகதி ஃபனிமேஷனின் சேவை நிறுத்தப்பட்டபோது, இறுவட்டுடன் வழங்கப்பட்ட எண்ணிமப் பிரதிகளைத் தமதென்று நம்பியிருந்தோர் அவற்றை இழந்தனர். பணம் கொடுத்தவன் பெற்றது பொருளையன்று, மீளப்பெறத்தக்க அனுமதியை மாத்திரமே என்பது அன்று வெளிப்பட்டது.

நாடுகளின் வரலாறும் இதனையே கூறும். ஐக்கிய அமெரிக்காவின் 1790 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பிறநாட்டு ஆசிரியர்களுக்குப் பாதுகாப்பளிக்கவில்லை. 1842 இல் அங்கு சென்ற சார்ள்ஸ் டிக்கின்ஸ், தமது நாவல்கள் அனுமதியின்றி அச்சிடப்படுவதைக் கண்டித்தமைக்காகப் பத்திரிகைகளின் தாக்குதலுக்கு ஆளானார். 1891 வரை அந்நிலை நீடித்தது. பேர்ண் உடன்படிக்கையில் அந்நாடு சேர்ந்தது 1989 இலேயே. தனது பதிப்புத்தொழில் வலுப்பெறும்வரை எடுத்தாண்டு, வலுப்பெற்றபின் வேலியடைத்தமையே அங்கு நிகழ்ந்தது.

விடுதலை பெற்ற நாடுகள் இதே வாய்ப்பைக் கேட்டபோது கிடைத்தது வேறு. 1967 இல் ஸ்ரொக்ஹோம் மாநாட்டில் அவற்றுக்கென வகுக்கப்பட்ட சலுகைகள் வெளியீட்டாளரின் எதிர்ப்பினாற் செயலிழந்தன. 1971 இற் பாரிஸில் எஞ்சியது ஒடுங்கிய வழியொன்று. வளர்ந்த நாடுகளிற் பொதுவழக்கில் இல்லாத ஒரு மொழியில், கற்பித்தல், புலமை, ஆராய்ச்சி ஆகியவற்றின் பொருட்டு, அச்சிட்ட ஆக்கங்களை ஓராண்டின் பின் கட்டாய உரிமம் பெற்று மொழிபெயர்க்கலாம். தமிழ் அத்தகையதொரு மொழியே. ஆனால் பொழுதுபோக்குப் படத்திற்கு அவ்வழியில் இடமில்லை.

இலங்கை தனக்கிருந்த இடத்தையும் தானே சுருக்கிக்கொண்டது. 1991 இல் ஐக்கிய அமெரிக்காவுடன் புலமைச் சொத்து உடன்படிக்கை ஒன்றைச் செய்த எமது நாடு, 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் மூலம் ஆசிரியரின் மறைவுக்குப் பின் 70 ஆண்டு காலப் பாதுகாப்பை ஏற்றது. பேர்ண் உடன்படிக்கை கேட்பது 50 ஆண்டுகளே. பண்பாட்டுப் பண்டங்களை உலகெங்கும் ஏற்றுமதி செய்யும் யப்பான், எழுத்தாக்கங்களுக்கு 70 ஆண்டு என்ற எல்லையை எட்டியது 2018 டிசெம்பரிலாகும். ஏற்றுமதியாளரை இறக்குமதியாளர் பதினைந்து ஆண்டுகள் முந்திக்கொண்டமை சிந்தனைக்குரியது.

4. மறுபக்கம்

இவ்வளவும் கூறியமையால் இன்றைய களவுத் தளங்கள் மக்களின் தோழர்களாகிவிடா. ஒளிநாடாக் காலத்து இரசிகனுக்கும் அவற்றுக்குமிடையே பண்புவேறுபாடு உண்டு. அவை விளம்பர வருவாய்க்காக இயங்கும் வணிகங்கள். மங்கா எனப்படும் சித்திரக்கதைகளைத் திருடி வெளியிட்ட 'மங்காமுரா' 2018 இல் மூடப்பட்டது. அதனை நடத்தியவருக்கு 2021 இல் மூன்றாண்டுச் சிறைத்தண்டனையும், 2024 இல் மூன்று வெளியீட்டகங்களுக்கு ஏறத்தாழ 170 கோடி யென் நட்டஈடு செலுத்தும் ஆணையும் விதிக்கப்பட்டன. அதற்கு விளம்பரம் திரட்டிக்கொடுத்த முகவர் நிறுவனங்களும் பொறுப்பாளிகளே என 2021 இல் ரோக்கியோ நீதிமன்றம் தீர்த்தது. பிறர் உழைப்பை விலையின்றிப் பெற்று, பார்வையாளரின் கவனத்தை விளம்பரகாரருக்கு விற்பதே அத்தளங்களின் தொழில். வரைஞருக்கு உரிமம் பெற்றவன் சிறிது கொடுக்கின்றான். களவுத்தளம் எதுவும் கொடுப்பதில்லை. உபதலைப்பு எழுதிய இரசிகனின் உழைப்பையும் இரு சாராருமே சுரண்டுகின்றனர்.

எனவே முற்போக்கு நோக்குடையோர் களவுக்குக் கொடிபிடித்தல் பொருந்தாது. உரிமைக் குழுமங்களின் ஒழுக்கப் போதனையை எதிரொலித்தலும் பொருந்தாது. உற்பத்தியாளனான வரைஞனும் நுகர்வோனான மாணவனும் ஒருவரை ஒருவர் எதிரிகளாகக் காணும்படி செய்யும் இடைநிலை ஏற்பாட்டையே இருவரும் கேள்விக்குள்ளாக்க வேண்டும்.

5. செய்யத்தக்கவை

1982 பெப்ரவரி 15 ஆந் திகதி ஆரம்பமான ரூபவாஹினி, யப்பானிய அரசின் நன்கொடையால் அமைந்தது. அங்கு ரைற்றஸ் தொட்டவத்த வெளிநாட்டுச் சித்திரப் படங்களைச் சிங்களப் பேச்சுவழக்கின் சுவையோடு மொழிமாற்றி ஒரு தலைமுறையையே வளர்த்தெடுத்தார். பொது நிறுவனமொன்று உரிமம் பெற்று, மக்கள் மொழியிற் கட்டணமின்றி வழங்குதல் நடைமுறைக்கு ஒவ்வாத கனவன்று என்பதற்கு அதுவே சான்று. ஆனால் அதற்கு ஈடான தமிழ்க் குரற்பதிவு மரபொன்று ஈழத்தில் வளர்க்கப்படவில்லை. எமது பிள்ளைகள் இன்று ஆங்கில உபதலைப்பையோ தமிழகக் குரலையோ நாடுவதற்கு அவ்விடைவெளியும் ஒரு காரணமாகும்.

இவற்றிலிருந்து மூன்று கோரிக்கைகள் பிறக்கின்றன. முதலாவது, தமிழாக்கத்துக்கான உரிமங்கள் நிலப்பரப்பை அன்றி மொழியை அலகாகக் கொள்ள வேண்டும். ஒருமுறை தமிழில் ஆக்கப்பட்டது தமிழர் வாழும் எந்நாட்டிலும் கிடைக்க வேண்டும். இரண்டாவது, பொது ஒளிபரப்பு நிலையங்களும் பொது நூலகங்களும் கூட்டாக உரிமம் பெறும் வழிகள் வகுக்கப்பட வேண்டும். ஈழத்து நடிகர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் அதனால் ஊதியத்துடன் கூடிய தொழிலும் கிடைக்கும். மூன்றாவது, வெளிநாட்டு வருவாயில் வரைஞருக்கு உரிய பங்கு வேண்டுமென யப்பானிய உழைப்பாளர் எழுப்பும் குரலுக்கு, அப்படங்களை விரும்பும் எமது இளைஞர் துணைநிற்க வேண்டும். உரிமம் வாங்க வசதியற்ற களுபோவில மாணவனும், மாதமுழுதும் வரைந்தும் வாடகை கொடுக்க இயலாத ரோக்கியோ வரைஞனும் ஒரே ஏற்பாட்டின் இரு முனைகளில் நிற்பவர்கள். இதனை அவ்விருவரும் உணரும்போதே 'களவு' பற்றிய விவாதம் சரியான தளத்திற் தொடங்கும்.