போனஸ் வருமுன்னே பிரிட்ஜ் வந்தது!



புரட்டாசி பிறந்தாலே எங்க தெருவில் ரெண்டே பேச்சுதான். ஒன்று, "இந்த வருஷம் எத்தனை சதவீதம்?" இன்னொன்று, "அடுத்த வருஷம் வேலை இருக்குமா?" துறைமுகம், உப்பளம், அனல் மின் நிலையம், எண்ணெய் டெப்போ என்று ஆளுக்கொரு இடத்தில் பிழைக்கிற குடும்பங்கள் நாங்கள். ஆண்கள் டீக்கடையில் பேசுவதை நாங்கள் குழாயடியில் பேசுவோம். அந்தப் பேச்சை நம்பி நான் பட்ட பாட்டை எழுதுகிறேன். என்னைப் போல ஏமாறாமல் நாலு பேர் தப்பித்தால் போதும்.

என் வீட்டுக்காரர் எண்ணெய் டெப்போ ஒன்றில் காண்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிறார். டாங்கர் லாரிகளில் பெட்ரோல், டீசல் நிரப்புகிற இடத்தில் அவருக்குச் சோலி.

2019 தீபாவளிக்கு ஒரு மாசம் முன்னால், "இந்த வருஷம் 20 சதவீதமாம்" என்று பேச்சு கிளம்பியது. யார் சொன்னது என்று நான் கேட்கவேயில்லை. அப்போது அவருக்கு மாதம் 18 ஆயிரம் சம்பளம். காலண்டர் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டேன். வருஷத்துக்கு 2 லட்சத்து 16 ஆயிரம். அதில் 20 சதவீதம் 43,200 ரூபாய்! அவ்வளவுதான், தவணையில் பிரிட்ஜ் வந்துவிட்டது. நாத்தனாருக்குப் பட்டுச்சேலை. பிள்ளைகளுக்கு மக்ரூன் கிலோக் கணக்கில். என் மாமியார் மட்டும், "ஏட்டி, கையில வந்த பொறவு செலவழிக்கலாம்லா" என்றார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கையில் வந்தது 7 ஆயிரத்துக்கும் கொஞ்சம் குறைவு. பிரிட்ஜ் தவணை மட்டும் மாசம் தவறாமல் வந்து நின்றது.

மாமியார் திட்டவில்லை. தன் சின்ன வயசுக் கதையைச் சொன்னார்கள். எங்க ஊரில் 1961ல் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது அவர்களுக்குப் பன்னிரண்டு வயசு. சிப்பியைத் திறக்காமலே குவியல் குவியலாக ஏலம் விடுவார்களாம். "எடுத்தவன் வீட்டுல முத்தும் இருக்கும், வெறும் நாத்தமும் இருக்கும். நீ சிப்பியைப் பாத்துட்டு மாலைக்கு அளவு எடுத்துட்டியே" என்றார்கள். வெட்கமாகப் போய்விட்டது.

அவரை யூனியன் ஆபீசில் உள்ள பெரியவர் ஒருவரைப் பார்த்து வரச் சொன்னேன். அவர் விளக்கியது இது. 1965ம் வருஷத்துப் போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். மாதம் 21 ஆயிரம் ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு உரிமை உண்டு. வருஷத்தில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும். காண்ட்ராக்ட் ஆள் என்றாலும் உரிமை உண்டு. ஆனால் முழுச் சம்பளத்துக்கும் கணக்குப் போட மாட்டார்கள். மாதம் 7 ஆயிரம், அல்லது அந்த வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, இரண்டில் எது அதிகமோ அதை வைத்துத்தான் கணக்கு. 7 ஆயிரம் என்றால் வருஷத்துக்கு 84 ஆயிரம், அதில் 8.33 சதவீதம் 6,997 ரூபாய். எங்களுக்கு வந்தது அதுதான்.

பெரியவர் இன்னொன்றும் கேட்டாராம்: "உங்க வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி 7 ஆயிரத்துக்கு மேலேயே இருக்கே, அதை வச்சு ஏன் கணக்குப் போடல?" டீக்கடையில் மாசக்கணக்கில் பேசினார்களே, இந்த ஒரு கேள்வியை ஒருத்தரும் கேட்கவில்லை பாருங்கள்!

இது முடியுமுன்னே அடுத்த இடி. 2019 நவம்பரில், பாரத் பெட்ரோலியத்தில் அரசுக்கு இருந்த 53.29 சதவீதப் பங்குகளை விற்க மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. வீட்டுக்காரர் வேலை பார்ப்பது எந்தக் கம்பெனியாக இருந்தால் என்ன, எண்ணெய்த் தொழிலில் இருக்கிற எல்லார் வீட்டிலும் பயம் புகுந்தது. அடுத்து கொரோனா. 2020 ஏப்ரலில் நாட்டின் எரிபொருள் விற்பனை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அமெரிக்காவில் கச்சா எண்ணெய் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. அந்த வருஷம் ஜூலையில் பாரத் பெட்ரோலியம் விருப்ப ஓய்வுத் திட்டமும் அறிவித்தது. "நிரந்தர ஆளுக்கே இப்படின்னா காண்ட்ராக்ட் ஆளுக்கு என்ன கதி? பொங்கலுக்குள்ள எல்லாரையும் நிறுத்திருவான்" என்று பேச்சு.

எங்க ஊரில் இதை வெறும் வதந்தி என்று தள்ளவும் முடியாது. 2018 மே மாதம் 13 உயிர்கள் போய், தாமிர ஆலை மூடப்பட்டதைப் பார்த்தவர்கள் நாங்கள். ஆலை வேண்டாம் என்றவர்களும், அதில் வேலை போனவர்களும் ஒரே தெருவில்தான் இருக்கிறார்கள்.

அப்போதுதான் மூத்தவள் பிளஸ் டூ முடித்து, பி.காம். சேர இடம் கிடைத்திருந்தது. "காலேஜும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். ஜவுளிக்கடை வேலைக்கு அனுப்பிருவோம்" என்றார் அவர். பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. மொட்டை மாடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. பிரிட்ஜ் வாங்கியதும் டீக்கடைப் பேச்சை நம்பித்தான், பிள்ளை படிப்பை நிறுத்தப் பார்ப்பதும் அதே டீக்கடைப் பேச்சை நம்பித்தானே என்று தோன்றியது.

காலையில் அவரிடம் மூன்றே கேள்வி கேட்டேன். "வேலை போகுதுன்னு எழுத்துல ஏதாச்சும் வந்திருக்கா? சொன்னவர் யார், அவருக்கு யார் சொன்னா? போனா நமக்கு என்ன கிடைக்கும்?" முதல் ரெண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதுக்கு மறுபடி பெரியவரிடம் போனார். ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம், ஐந்து வருஷம் முடித்தவருக்கு கிராஜுவிட்டி, தனியாக பி.எஃப். பணம். எல்லாம் கூட்டினால் ஆறேழு மாசம் அடுப்பு எரியும் என்று தெரிந்தது. அது தெரிந்ததும் பாதிப் பயம் போய்விட்டது. என் ரெண்டு வளையலை அடகு வைத்தோம். பிள்ளை கல்லூரியில் சேர்ந்தாள்.

அவரும் மற்ற ஆட்களும் சேர்ந்து, குறைந்தபட்சக் கூலியை வைத்துக் கணக்குப் போடும்படி எழுதிக் கொடுத்தார்கள். 2020 போனஸ் தீபாவளி கழித்து, நவம்பர் கடைசி வாரம்தான் வந்தது. (கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதே சட்டம், அதாவது மார்ச்சில் முடிந்தால் நவம்பர் 30க்குள்.) 43,200 இல்லை. ஆனால் முந்தின வருஷத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! வளையலை மீட்கவில்லை, முதலில் பிரிட்ஜ் கடனை அடைத்தேன்.

பொங்கலும் வந்தது, வேலையும் இருந்தது. வாங்க வந்தவர்கள் விலகியதால், 2022 மே மாதம் அந்தப் பங்கு விற்பனையையே அரசு கைவிட்டது. இரண்டரை வருஷம் எத்தனை வீட்டில் தூக்கம் போயிருக்கும்! என் மகள் 2023ல் பி.காம். முடித்து, இப்போது கப்பல் ஏஜென்சி ஆபீஸ் ஒன்றில் கணக்கு எழுதுகிறாள். வளையலை மீட்டுத் தந்தது அவள்தான்.

2025 நவம்பர் 21ல் நடைமுறைக்கு வந்த புதிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்த 8.33 முதல் 20 சதவீதம் என்ற அளவு மாறவில்லை. ஆகவே சகோதரிகளே, சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், ஈ.எஸ்.ஐ. அட்டை மூன்றும் வீட்டில் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். போனஸைக் குறைந்த அளவுக்கே கணக்குப் போட்டு வையுங்கள். கூட வந்தால் லாபம்.

இந்தப் புரட்டாசியிலும் குழாயடியில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. "யக்கா, இந்த வருஷம் 20 சதவீதமாமே?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "சீட்டு வந்துட்டாளா?" என்று கேட்டேன். குடத்தை எடுத்துக்கொண்டு சிரித்தபடி போய்விட்டாள்.

- ஒரு வாசகி, தூத்துக்குடி