இடிப்பதா, இருப்பதா?

மேல் தளத்திலிருந்து காரை உதிர்கிறது. மழை பெய்தால் கூடத்தில் அண்டா வைக்க வேண்டியிருக்கிறது. மூன்றாம் மாடிப் பாட்டி படி இறங்கிக் கோயிலுக்குப் போய் மாதக் கணக்காகிறது. இந்தச் சமயம் பார்த்து ஒரு கட்டிடக்காரர் வருகிறார். "பழசை இடித்துவிடலாம், லிஃப்ட்டோடு புது வீடு தருகிறேன். உங்களுக்குக் காலணாச் செலவில்லை!" என்கிறார். சென்னையில் அண்ணா நகர், அசோக் நகர், பெசன்ட் நகர் பக்கம் இன்று இந்தப் பேச்சு இல்லாத மாடிப்படி உண்டா?

ஒரு காலத்தில் இவையெல்லாம் ஊருக்கு வெளியே இருந்தவைதாம். 1961-ல் வீட்டு வசதி வாரியச் சட்டம் வந்தது. 1968-ல் உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்த இடத்தையொட்டி அண்ணா நகர் வளர்ந்தது. மனையும் மாமரமும் கிணறுமாகக் குடும்பங்கள் குடியேறின. பிறகு தனி வீடுகள் அடுக்கு வீடுகளாயின. அந்த அடுக்கு வீடுகளுக்குத்தான் இப்போது வயதாகிவிட்டது.

கான்க்ரீட்டுக்குமா மூப்பு? உண்டு. அதன் உயிர் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியில் இருக்கிறது. குளியலறைக் கசிவும் கடற்காற்றின் உப்பும் கம்பியை எட்டினால் துரு பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும். மேல் பூச்சைத் தள்ளி உடைக்கும். இதை அலட்சியம் செய்வது ஆபத்து. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் அரசுக் குடியிருப்புக் கட்டிடம் ஒன்று சரிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு குடியிருந்தவர்கள் முன்னதாகவே வெளியேறிவிட்டதால் உயிர்கள் பிழைத்தன.

அதற்காக விரிசல் கண்ட வீட்டையெல்லாம் இடிக்க வேண்டும் என்பதில்லை. கட்டிடக்காரரைக் கேட்டால் இடிக்கத்தான் சொல்வார். அவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு கட்டமைப்பு எஞ்சினீயரை அழைத்துப் பரீட்சை செய்யச் சொல்லுங்கள். குழாய்களை மாற்றி, தூண்களுக்குப் பலம் கூட்டி, வெளிப்புறமாக லிஃப்ட் அமைத்து இன்னும் பல வருஷம் குடியிருக்க முடியலாம். அது மலிவு மட்டுமல்ல. ஒரு டன் சிமென்ட் தயாராவதற்குள் அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு ஆகாயத்தில் கலக்கிறது. இருப்பதைக் காப்பது ஊருக்கும் உபகாரம்.

காலணாச் செலவில்லையா?

இடித்தே ஆக வேண்டும் என்று முடிவானால், அடுப்பங்கரைக் கணக்குப் போல ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு கிரவுண்டில், அதாவது 4,800 சதுர அடி மனையில், 800 சதுர அடி வீதம் 8 வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் மண்ணில் பங்கு 600 சதுர அடி. 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி சாதாரணமாக மனையைப் போல இரண்டு மடங்கு, அதாவது 9,600 சதுர அடி கட்டலாம். பழைய 8 வீடுகளைத் திருப்பிக் கொடுத்த பிறகும் 3,200 சதுர அடி மிச்சம். அதில் 4 புது வீடுகள் கட்டி விற்பதுதான் கட்டிடக்காரரின் வரும்படி. இப்போது வீடுகள் 12. உங்கள் மண் பங்கு 400 சதுர அடி! காலணா கொடுக்கவில்லை, ஆனால் 200 சதுர அடி பூமியைக் கொடுத்திருக்கிறீர்கள். அது நியாயமான விலைதானா என்று பேரம் பேச உங்களுக்கு முழு உரிமை உண்டு.

முன்பெல்லாம் ஒரே ஒருவர் முரண்டு பிடித்தாலும் காரியம் நின்றுவிடும். 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்கிறது. நல்லதுதான். ஆனால் மீதிப் பேரில் தனியாக வாழும் ஒரு விதவைத் தாயார் இருக்கலாம். அவருடைய பயத்தையும் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்பது அண்டை வீட்டாரின் தர்மம்.

ஒப்பந்தத்தில் இவை எழுத்தில் இருக்கட்டும்: முடிக்கும் தேதி, தாமதமானால் நஷ்ட ஈடு, சாவி தரும் வரை மாத வாடகை, சாமான் ஏற்றி இறக்கும் செலவு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான திட்டமென்றால், வீடு வாங்குகிறவர்களிடம் வசூலிக்கும் பணத்தில் 70 சதவிகிதம் தனிக் கணக்கில் இருந்தாக வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வீடு கணவர் பேரில் இருந்தாலும் தஸ்தாவேஜைக் குடும்பத் தலைவி ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது.

தண்ணீருக்கு என்ன வழி?

8 குடும்பங்களுக்குச் சுரந்த கிணறு 12 குடும்பங்களுக்குச் சுரக்குமா? 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை மறந்துவிட்டோமா? சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு கிரவுண்டு மொட்டை மாடியில் விழுவது ஏறக்குறைய 3 லட்சம் லிட்டர். சேதாரம் போக, 12,000 லிட்டர் லாரியில் 20 லாரித் தண்ணீர்! 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. பெயருக்கு ஒரு குழாய் விடாமல், தொட்டியும் உறைகிணறும் நிஜமாக வேலை செய்யும்படி வரைபடத்திலேயே கேளுங்கள்.

வாசலெல்லாம் சிமென்ட் பூசாமல் மண்ணுக்குக் கொஞ்சம் இடம் விடச் சொல்லுங்கள். வேப்ப மரத்தைத் தள்ளிவைத்துக் கட்டிடத்தை வரையலாம். கட்டிடத்தைத் தள்ளிவைத்து மரத்தை வளர்க்க முப்பது வருஷம் ஆகும். தேக்குக் கதவு, ஜன்னல், செங்கல் எல்லாம் மறுபடி பயன்படும். மிஞ்சும் இடிபாட்டை ஏரிக்கரையில் கொட்டவிடாதீர்கள். அரைத்து மறுபடி உபயோகமாக்கப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் நிலையங்கள் இருக்கின்றன.

இன்னொன்று. வேப்ப மரத்தடி இஸ்திரி வண்டிக்காரருக்கும் வாசல் பூக்காரிக்கும் எந்த ஒப்பந்தத்திலும் பங்கில்லை. புதுக் கட்டிடத்தின் மதில் ஓரமாக அவர்களுக்கும் நாலடி இடம் விட்டால், பேட்டை பழைய பேட்டையாகவே இருக்கும். பாட்டியும் லிஃப்ட்டில் இறங்கி வந்து, பூ வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போவார்.