புற்றை ஒளிரவைக்கும் துகள்

தருமபுரி மாவட்டத்தின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த செய்தி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் திறக்கப்பட்டதற்கு அதுவே முதற்காரணம். ஆனால் அதற்கு முன் பல பத்தாண்டுகள் அந்த நீரைக் குடித்தவர்களின் எலும்பில் படிந்தது அவ்வளவு எளிதில் கரைவதில்லை. பென்னாகரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தீராத இடுப்பு வலியோடு மருத்துவமனைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்ரேயில் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் வழக்கத்தைவிட வெளுப்பாக, அடர்த்தியாகத் தெரிகின்றன. ஃபுளோரைடு மிகுந்து வரும் ஃபுளோரோசிஸ் நோய் அப்படித்தான் தெரியும். புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான் தெரியும். முன்கையின் இரண்டு எலும்புகளுக்கிடையே உள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருந்தால் சந்தேகம் ஃபுளோரைடின் பக்கம் சாயும்; புராஸ்டேட் சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதம் இரத்தத்தில் எகிறியிருந்தால் புற்றின் பக்கம் சாயும். இரண்டும் ஒருவருக்கே இருக்கவும் கூடும். எக்ஸ்ரே அடர்த்தியைக் காட்டும். அது எதனால் வந்தது என்று சொல்ல அதற்குத் தெரியாது.

இதே குறை அறுவை அரங்கிலும் உண்டு என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. நெல்லிக்காய் அளவுள்ள புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் இருக்கிறது. ஆண்குறி விறைப்புக்கான நரம்புகள் அதன் இருபுறமும் ஒட்டிக்கொண்டு போகின்றன. சிறுநீரை அடக்கும் தசை அதன் அடியில். அந்த நரம்புகளைக் காத்தபடியே சுரப்பியை எடுக்கும் முறையை அமெரிக்க மருத்துவர் பேட்ரிக் வால்ஷ் 1982இல் செய்து காட்டினார். ஆனால் எங்கே ஒட்டி வெட்டலாம், எங்கே தள்ளி வெட்ட வேண்டும் என்பதைக் கண்தான் முடிவு செய்கிறது. நல்ல திசுவும் புற்றுத் திசுவும் நிறத்தில் பெரிதாக வேறுபடுவதில்லை. லேப்ராஸ்கோப்பி, ரோபோ அறுவைகளில் விரலால் தொட்டுப் பார்க்கவும் வழியில்லை. ஒட்டி வெட்டினால் விளிம்பில் புற்று மிஞ்சலாம். தள்ளி வெட்டினால் சிறுநீர்க் கசிவும் விறைப்பிழப்பும் வாழ்நாள் துணையாகலாம். விளிம்பில் புற்று மிஞ்சியதா என்று ஆய்வக அறிக்கை பெரும்பாலும் பிற்பாடுதான் சொல்லும். ஆகவே மருத்துவருக்குத் தேவை உருவத்தையும் நிறத்தையும் வைத்து ஊகிப்பதற்குப் பதிலாக, புற்றுச் செல்லை அதன் வேதியியல் அடையாளத்தால் அறியும் வழி.

அந்த அடையாளம் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதம். பெரும்பாலான புராஸ்டேட் புற்றுச் செல்களின் மேற்பரப்பில் அது மிகுதியாக இருக்கும். அதைப் பற்றிக்கொள்ளும் சிறு மூலக்கூறுகளை ஒளிரும் துகளில் பொருத்தி இரத்தக் குழாய் வழியே செலுத்தினால் துகள் புற்றில் போய்த் தங்கும். இவ்வகையில் நெடுந்தூரம் வந்திருப்பவை கார்னெல் பல்கலைக்கழகத்தில் உல்ரிச் வீஸ்னர் குழு உருவாக்கிய சிலிக்கா துகள்கள். நடுவில் சாயம், அதைச் சுற்றிச் சிலிக்கா ஓடு, வெளியே உடலின் எதிர்ப்பாற்றல் கண்டுகொள்ளாதபடி ஒரு பாலிமர் பூச்சு. எல்லாம் சேர்ந்தும் ஆறேழு நானோமீட்டர்தான். சாயம் சிவப்பு ஒளியை வாங்கி, 700 நானோமீட்டரை ஒட்டிய, கண்ணுக்கு எளிதில் எட்டாத ஒளியாகத் திருப்பித் தரும். இரத்தமும் நீரும் அதிகம் உறிஞ்சாத அந்த ஒளியைக் கேமரா பிடித்துத் திரையில் காட்டும்.

வெறும் சாயத்தையே நேராகப் பொருத்தினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். ஆக்ஸ்போர்டு மருத்துவர்கள் பி.எஸ்.எம்.ஏ.வைப் பற்றும் எதிர்ப்புரதத் துண்டில் சாயத்தைக் கோத்து 23 ஆண்களிடம் சோதித்த முடிவுகள் 2024இல் வந்தன. அதில் துகளே இல்லை. துகளுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியவை வேறு. ஓட்டுக்குள் இருக்கும் சாயம் கூடுதலாக ஒளிரும், சீக்கிரம் மங்காது. ஒரே துகளில் கதிரியக்கத் தாமிரத்தையும் ஏற்றலாம். அறுவைக்கு முன் பெட் ஸ்கேனில் தெரிந்த அதே துகளை அரங்கில் ஒளியாகவும் காணலாம். உடலில் தங்கிவிடுமே என்ற அச்சத்துக்கு அதன் சிறுமையே பதில். ஏறத்தாழ 5.5 நானோமீட்டருக்குள் இருப்பவை சிறுநீரகம் வழியே விரைவாக வெளியேறுகின்றன என்று 2007இல் விலங்காய்வு காட்டியது. அந்த எல்லையை ஒட்டிய கார்னெல் துகள்களும் மனிதரில் சிறுநீரில் வெளியேறியதை 2014இல் வெளியான, மெலனோமா என்ற தோல் புற்றுள்ள ஐந்து நோயாளிகளிடம் செய்த ஆய்வு காட்டியது. ஆனால் தீராத குறைகளும் இருக்கின்றன. ஒளி சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு அப்பால் தெளிவாகத் தெரியாது. உமிழ்நீர்ச் சுரப்பியிலும் சிறுநீரகத்திலும் பி.எஸ்.எம்.ஏ. உண்டு, சில புராஸ்டேட் புற்றுகளில் அது இருப்பதேயில்லை. ஒளிராத இடமெல்லாம் புற்றில்லாத இடம் என்று எந்த மருத்துவரும் நம்பிவிடக் கூடாது. புராஸ்டேட் அறுவைக்கு இத்துகள்கள் இன்னும் ஆய்வுக் கட்டத்தில்தான் இருக்கின்றன.

நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருகிற ஊர்களுக்கு இதனால் என்ன பயன் என்பது இன்னும் கனமான மறுப்பு. எலும்புக்குப் பரவியவருக்குப் பொதுவாக இந்த அறுவையே செய்யமாட்டார்கள். முன்கூட்டியே பி.எஸ்.ஏ. பார்த்து நோயைக் கண்டறியாத வரை ஒளிரும் துகளுக்கு அரங்கில் வேலையில்லை; அதை மறுக்க முடியாது. இதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது என்ற, விலை பற்றிய மறுப்பை மட்டும் நான் முழுதாக ஏற்கமாட்டேன். ஒளிரும் சாயம் நமக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் 1959இலேயே அனுமதி பெற்ற இண்டோசயனின் பச்சையைக் கண் மருத்துவத்துக்காக மதுரை ஆரோலேப் தயாரிக்கிறது. அச்சாயம் புற்றைத் தேடிப் பற்றாது என்றாலும், அதன் ஒளியைக் காட்டும் அகச்சிவப்புக் கேமராக்கள் நம் ஊர்ப் பெரிய மருத்துவமனைகளில் ஏற்கெனவே உள்ளன. அவை பார்ப்பது 800 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை. கார்னெல் துகளின் 700ஐ அவற்றில் பலவும் பிடிக்காது. எனவே இங்கே துகள் செய்ய முனையும் ஆய்வகம் 800இல் ஒளிரும் சாயத்தையே ஓட்டுக்குள் வைப்பது நல்லது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தில், புதுக் கேமரா கேட்டுக் கோப்பு நகர்வதைவிட அது சீக்கிரம் நடக்கும்.