கார்சியா த ஓர்ட்டா: வணிகப் பேரரசும் மருந்துச் சரக்கு நூலும்

விஞ்ஞான வரலாற்றைத் தனிமனித மேதைமையின் வரலாறாக எழுதும் மரபு இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. அம்மரபின்படி நோக்கின், பதினாறாம் நூற்றாண்டிற் கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கேய மருத்துவரான கார்சியா த ஓர்ட்டா, இந்திய மூலிகைகளை ஐரோப்பாவுக்கு அறிமுகஞ்செய்த அறிஞர் என்ற அளவில் அமைந்துவிடுவார். ஆயின், அவரது வாழ்வையும் நூலையும் அவை தோன்றிய சமூக உறவுகளில் வைத்து நோக்கும்போது, அறிவு எவருடைய உழைப்பிற் பிறக்கின்றது, எவருடைய பெயரில் நிலைக்கின்றது என்னும் வினா எழுகின்றது. இச்சிறு கட்டுரையில் அவ்வினாவையே நாம் ஆராய முற்படுகின்றோம்.

ஏறத்தாழ 1501 ஆம் ஆண்டளவில் போர்த்துக்கலின் கஸ்தெலோ த வீதே என்னும் ஊரில் ஓர்ட்டா பிறந்தார். பெற்றோர் 1492 இல் ஸ்பானியாவிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள். 1497 இல் போர்த்துக்கலிலும் யூதர்கள் பலவந்தமாகக் கிறிஸ்தவராக்கப்பட்டனர். 'புதுக் கிறிஸ்தவர்' எனப்பட்ட இவர்களுட் பலர் வணிகத்திலும் மருத்துவத்திலும் சிறந்து விளங்கினர். எனினும் ஓயாத ஐயத்துக்கும் உள்ளாயினர். சலமன்காவிலும் அல்கலாவிலும் பயின்ற ஓர்ட்டா, லிஸ்பன் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றினார். 1534 இல் மார்ட்டிம் அபொன்சோ த சூசாவின் மருத்துவராக இந்தியாவுக்குக் கப்பலேறினார். இரண்டே ஆண்டுகளில், 1536 இல், போர்த்துக்கலிற் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் தொடர்பற்றவையாகக் கொள்ளுதல் அரிது.

கோவாவில் அவர் ஆளுநர்களுக்கு மருத்துவஞ் செய்தார். அகமதுநகர் மன்னர் புர்ஹான் நிஜாம் ஷாவின் மருத்துவராகவும் நண்பராகவும் விளங்கினார். வணிகத்திலும் ஈடுபட்டார், பம்பாய்த் தீவைக் குத்தகைக்குப் பெற்றிருந்தார். ஏறக்குறைய முப்பதாண்டு அனுபவத்தின் விளைவாக, 1563 இல், இந்தியாவின் மருந்துச் சரக்குகள் பற்றிய உரையாடல்கள் என்னும் அவரது நூல் கோவாவில் அச்சேறியது. பெருங்கவிஞர் லூயிஸ் த கமோயிஸின் கவிதையொன்று முதன்முதலாக அச்சிற் பதிவானதும் இந்நூலின் முகப்பிலேயே என்பது இலக்கிய மாணவர் கவனிக்கத்தக்கது.

நூல் இலத்தீனில் அன்றிப் போர்த்துக்கேய மொழியில், உரையாடல் வடிவில் எழுதப்பட்டுள்ளது. ருவானோ என்னும் கற்பனைப் பாத்திரம் ஐரோப்பாவிலிருந்து ஏட்டுக் கல்வியோடு வந்து வினவுகின்றது; ஓர்ட்டா கண்டறிந்ததைக் கொண்டு விடையளிக்கின்றார். கிரேக்க ஆசிரியரின் கூற்றுக்களே ஆதாரம் என்ற நிலை இங்குத் தகர்கின்றது. இம்மனத்துணிவை ஓர்ட்டாவின் தனிப்பண்பாக மட்டும் விளக்குதல் போதாது. சரக்கை வாங்கி விற்கும் வணிக மூலதனத்துக்குப் பழங்கதைகள் பயன்படா. எது எங்கே விளைகின்றது, எது தரமானது, எது கலப்படம் என்பன பற்றிய திட்டமான அறிவே அதற்குத் தேவை. ஏட்டுக்கும் அனுபவத்துக்குமிடையிலான போராட்டம் இவ்வாறு வரலாற்றுத் தேவையாகவே நூலின் வடிவத்தில் இடம்பெறுகின்றது.

கறுவா பற்றிய பகுதி இதற்குத் தக்க சான்றாகும். பறவைகள் கூடு கட்டக் கொண்டுவரும் குச்சியே கறுவா என்பதுபோன்ற கதைகளை எரொடோட்டசு காலம் முதல் ஐரோப்பா கேட்டு வந்தது. ஓர்ட்டாவோ அது ஒரு மரத்தின் பட்டை என்றும், உரித்து வெயிலில் இடும்போது சுருள்கின்றது என்றும், இலங்கைக் கறுவாவே சிறந்ததென்றும் எழுதினார். ஆனால், இலங்கையிற் கறுவா உரித்தல் சலாகம சாதியினர்மீது சுமத்தப்பட்ட கட்டாயக் கடமையாக இருந்தது. நூல் பட்டையின் வரலாற்றைக் கூறுகின்றது. உரித்த கைகளின் வரலாற்றை நாமே தேட வேண்டியுள்ளது.

சுதேச மருத்துவர்க்கு அவர் பட்ட கடன் நூலில் வெளிப்படையாகவே தெரிகின்றது. வாந்திபேதி நோய் பற்றிய பகுதியில், மிளகும் சீரகமும் சேர்த்த அரிசி நீரை நோயாளிக்குக் கொடுக்கும் வழக்கத்தைக் குறிப்பிட்டு, அதன் பெயர் 'கஞ்சி' என்றும் பதிவுசெய்கின்றார். எமது அடுப்படிச் சொல்லொன்று ஐரோப்பிய மருத்துவ நூலுட் புகுந்த வழி இதுவாகும்.

மற்றொரு குரலும் இந்நூலில் உண்டு. அந்தோனியா என்னும் அடிமைப் பெண் கூப்பிட்டபோதெல்லாம் வருகின்றாள். கனிகளையும் மூலிகைகளையும் கொண்டுவந்து அறிஞர் இருவர் முன்னும் வைக்கின்றாள். அவளின்றி உரையாடல் நகராது. 1567 இல் குளூசியசு என்னும் தாவரவியலாளர் இந்நூலைச் சுருக்கி இலத்தீனில் வெளியிட்டார். ஐரோப்பிய அறிஞருலகம் ஓர்ட்டாவை அறிந்தது பெரிதும் அச்சுருக்கத்தின் வாயிலாகவே. அதில் உரையாடல் வடிவம் கைவிடப்பட்டது. வடிவம் நீங்கவே, பணி செய்த பெண்ணும் நீங்கினாள்; சரக்குகள் மட்டும் எஞ்சின.

ஓர்ட்டாவைப் பயன்படுத்திய பேரரசு அவரையும் விட்டுவைக்கவில்லை. 1560 இல் விசாரணை மன்றம் கோவாவுக்கும் வந்தது. 1568 இல் அவர் காலமானார். மறு ஆண்டிலேயே அவரது சகோதரி கத்தரீனா, யூத சமயத்தை மறைவில் அனுட்டித்தார் என்ற குற்றச்சாட்டின்பேரில், உயிரோடு எரிக்கப்பட்டார். 1580 இல் ஓர்ட்டாவின் எலும்புகளும் தோண்டியெடுக்கப்பட்டு எரிக்கப்பட்டன. அனுபவ அறிவை வேண்டிநின்ற வணிக நலனும், அந்நியரை ஒழித்துத் தன்னை நிலைநிறுத்திய நிலமானியச் சமய அதிகாரமும் ஒரே பேரரசின் இரு கரங்கள். ஒரு கரம் நூலை அச்சிட்டது. மறு கரம் ஆசிரியரின் எலும்பை எரித்தது.

ஓர்ட்டாவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கண்டதை நம்பிய அவரது நேர்மை போற்றுதற்குரியதே. எனினும், துன்புறுத்தப்பட்ட ஓரினத்தில் வந்த அவரே அடிமையொருத்தியின் எசமானாகவும் இருந்தார் என்பதை மறத்தலாகாது. அவரைக் கற்போர் நூலின் முழுவடிவத்தையே கற்றல் வேண்டும். அங்கேதான் அந்தோனியா இன்னும் மூலிகைகளை ஏந்தி நிற்கின்றாள்.